மர்பி: மூர்த்தியா, முருகா, வேறு யாராவதா?

வாசகர் ஒருவரின் பதிவு, மார்ச் 11, 2024

இன்று அதிகாலை சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் வாங்கிய கிலியன் மர்பியின் குடும்பப் பெயரைக் கவனித்தீர்களா? மர்பி என்பது மூர்த்திதான். நடுவில் இருந்த ‘த்தி’ வெள்ளைக்காரன் வாயில் ‘பி’ ஆகிவிட்டது. அயர்லாந்துக்காரர்கள் நம் மண்ணிலிருந்து போனவர்கள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? மறுப்பவர்கள் சான்றோடு மறுக்கவும்.

மார்ச் 11, இரவு

மறுக்கிறேன். கிலியன் மர்பி பிறந்த கார்க் நகரத்தில்தான் ஒன்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். ஓர் உணவுத் தொழிற்சாலையில் சம்பளப் பட்டியல் போடுவது என் வேலை. 160 பேர் கொண்ட அந்தப் பட்டியலில் 11 பேர் மர்பி. மாதம் தவறாமல் அந்தப் பெயரை எழுதுகிறவன் என்பதால் உங்கள் பதிவைப் படித்துவிட்டுத் தூங்கப் போக முடியவில்லை.

மர்பி என்பது ஆங்கிலத்தில் எழுதியவர்கள் உண்டாக்கிய வடிவம். ஐரிஷ் மொழியில் அது ஓ முரகூ. இதில் வரும் ‘க’வை ‘மகன்’, ‘பகல்’ என்பவற்றில் சொல்வதுபோல, இன்னும் கொஞ்சம் மூச்சு சேர்த்துத் தொண்டையிலிருந்து சொல்ல வேண்டும். ‘ஓ’ என்றால் வழித்தோன்றல். யாருடைய வழித்தோன்றல்? முரகா என்ற பெயர்கொண்ட ஓர் ஆளுடைய வழித்தோன்றல். ‘முரகாவின்’ என்று சொல்லும்போது அது ‘முரகூ’ ஆகிறது. முரகா என்ற பெயரைப் பிரித்தால் ‘முயிர்’, ‘காத்’ என்று இரண்டு பழைய சொற்கள் வரும். முதலாவது கடல், இரண்டாவது போர். நம் மொழியில் கடல்மறவன் என்று சொல்லலாம்.

தொண்டை ஒலி எப்படி ‘ஃப்’ ஆனது என்று கேட்பீர்கள். ஆங்கிலத்திலும் அந்த ஒலி ஒரு காலத்தில் இருந்தது. சிரிப்புக்கும் இருமலுக்கும் உரிய ஆங்கிலச் சொற்களை இன்றும் பழைய தொண்டை எழுத்துகளோடு எழுதிவிட்டு ‘லாஃப்’, ‘காஃப்’ என்றுதான் படிக்கிறோம். முரகா மர்பி ஆனதும் அதே வழியில்தான். வட அயர்லாந்துப் பகுதியில் அதே ஒலி தேய்ந்து மறைந்து ‘மாரோ’ என்ற குடும்பப் பெயரும் உண்டானது. மூர்த்திக்கும் மர்பிக்கும் இடையில் இப்படி ஒரு படியையாவது காட்டுங்கள், பிறகு பேசலாம்.

மார்ச் 12

‘ஓ முரகூ’ என்று நான் எழுதியதைப் பிடித்துக்கொண்டு, ‘அப்படியானால் முருகு’ என்று நான்கு பேர் எழுதியிருக்கிறீர்கள்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த உச்சரிப்பை முதன்முதலில் கேட்ட நாளில் எனக்கும் உடல் சிலிர்த்தது. மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். ஆசிரியை ஐரிஷ் மொழியில் பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தவர் ‘முரகூ’ என்றார். திருச்செந்தூர்க் கடற்கரையில் நிற்பதுபோல இருந்தது. அன்று இரவு முழுவதும் இதைத்தான் நோண்டிக்கொண்டிருந்தேன். ஆகவே உங்கள் ஆசை எனக்குப் புரியாமல் இல்லை.

ஆனால் ஒரு பெயரை மட்டும் தனியே தூக்கி வைத்துக்கொண்டு ஒலி பார்க்கக் கூடாது. அதன் உறுப்புகள் அதே மொழியில் வேறு எங்கே வருகின்றன என்று பார்க்க வேண்டும். ‘முயிர்’ தனிச் சொல்லாக இன்றும் ஐரிஷில் கடல்தான். அதன் உறவு மொழியான வெல்ஷில் ‘மோர்’, லத்தீனில் ‘மாரே’. மொரியார்ட்டி என்ற குடும்பப் பெயருக்குள்ளும் அதே கடல் இருக்கிறது. அது கடலோடும் திறமை உள்ளவன் என்ற பொருளில் வந்த முயிர்கெர்டாக் என்ற ஆண்பெயரிலிருந்து பிறந்தது. ‘காத்’தும் அப்படித்தான். டொனகூ, மக்டோனா என்ற குடும்பப் பெயர்களின் வேரான டொனகா என்ற பெயரின் பின்பாதி அதே போர்ச்சொல். இரண்டு உறுப்புகளும் அந்த மண்ணில் தனித்தனியாக வேறு பெயர்களோடும் சேர்ந்து வாழ்கின்றன. நம் முருகு என்ற சொல்லுக்கு அழகு, இளமை, மணம் என்று பொருள். கடலும் இல்லை, போரும் இல்லை. முருகனே போர்க்கடவுள் ஆயிற்றே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கடவுள் போரிடுகிறார், சொல் போரிடவில்லை.

மார்ச் 13

‘எங்கள் வீட்டு மர்பி ரேடியோ?’ என்ற கேள்விக்கு. அது இங்கிலாந்துக் கம்பெனி. ஃபிராங்க் மர்பி என்பவர் ஒரு கூட்டாளியோடு 1929-ல் வெல்வின் கார்டன் சிட்டி என்ற ஊரில் தொடங்கினார். 1937-ல் அவரே அதைவிட்டு விலகிவிட்டார், பெயர் மட்டும் நின்றுவிட்டது. நம் பக்கம் இந்தப் பெயர் வந்து சேர்ந்த வழி அதுதான். உதட்டில் விரல் வைத்த அந்தக் குழந்தைப் படம் எங்கள் தாத்தா வீட்டுக் கூடத்தில் நாட்காட்டியாகத் தொங்கியது. மர்பி என்றால் அந்தக் குழந்தையின் பெயர் என்றே பத்து வயது வரை நினைத்திருந்தேன்.

மார்ச் 18

புனித பாட்ரிக் திருநாளை ஒட்டி இன்று விடுமுறை. ‘ஓ’ பற்றி மூன்று பேர் கேட்டிருந்தீர்கள்.

ஐரிஷ் பெயர்களுக்கு முன்னால் ‘ஓ’வைப் போலவே ‘மக்’கும் வரும். ‘மக்’ என்றால் மகன். ஒலி ஒற்றுமையைப் பார்த்து உடனே குதிக்க வேண்டாம். இதன் பழைய வடிவம் ‘மக்கி’ என்று பழைய கல்வெட்டுகளில் இருக்கிறது, வெல்ஷ் மொழியில் உள்ள உடன்பிறப்புச் சொல் ‘மாப்’. ‘ஓ’ என்றால் பேரன், பிறகு பொருள் விரிந்து வழித்தோன்றல். பத்து, பதினோராம் நூற்றாண்டுகளிலேயே இவை ஒரு தலைமுறையோடு மாறிவிடாமல் குடும்பப் பெயராக உறைந்துவிட்டன. ஐரோப்பாவில் மிக முந்திய குடும்பப் பெயர்களில் இவை சேரும். கால்வே பகுதியில் ஆண்ட ஓ கிளேரி வம்சத்து ஒருவருடைய இறப்பை 916-ஆம் ஆண்டில் குறித்திருக்கிறார்கள்.

பெண்களுக்கு ‘ஓ’ கிடையாது என்பதை என் மகள்தான் எனக்குச் சொல்லித்தந்தாள். அவள் பள்ளி ஐரிஷ் வழிக் கல்விப் பள்ளி. அவளுடைய தோழி வீட்டில் மர்பி, பள்ளிப் பதிவேட்டில் ‘நீ வுரகூ’. ‘நீ’ என்பது ‘ஓ வழியினனின் மகள்’ என்ற தொடர் சுருங்கியது. அதற்குப் பின்னால் வரும் ‘மு’ இளகி ‘வு’ ஆகிவிடும். திருமணமாகிக் கணவர் பெயரை ஏற்றுக்கொண்ட பெண் ‘ஈ வுரகூ’. ஆக ஒரே வீட்டில் அப்பா ஓ முரகூ, அம்மா ஈ வுரகூ, மகள் நீ வுரகூ. மூவரும் ஆங்கிலத்தில் வெறும் மர்பி. எவ்வளவு செய்தி கழுவிப் போய்விட்டது பாருங்கள்!

மார்ச் 24

எண்ணிக்கை பற்றி. அயர்லாந்திலேயே மிகப் பரவலான குடும்பப் பெயர் மர்பி. 1890-ஆம் ஆண்டுப் பிறப்புப் பதிவுகளை வைத்து ராபர்ட் மாதசன் என்ற அதிகாரி அன்றைக்கு மர்பிகள் 62,600 பேர் என்று மதிப்பிட்டார். கெல்லிகள் 55,900. தீவின் மொத்த மக்கள்தொகை அப்போது ஏறத்தாழ 47 லட்சம். எங்கள் தொழிற்சாலை விகிதம் அதைவிட மிக அதிகம், ஏனென்றால் கார்க் மர்பிகளின் கோட்டை. ஜேம்ஸ் மர்பியும் சகோதரர்களும் 1856-ல் தொடங்கிய கறுப்பு பீர் ஆலையின் பெயர் இந்த ஊர் மதுக்கடைப் பலகைகளில் எல்லாம் தொங்குகிறது.

இந்த நெருக்கத்தால் நான் செய்த பிழை ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம், ஒரு ஜான் மர்பியின் கூடுதல் நேர ஊதியம் முழுவதையும் இன்னொரு ஜான் மர்பியின் கணக்கில் போட்டுவிட்டேன். பணம் போகாதவர் வந்து கேட்டார். பணம் போனவர் அதற்கு முந்தைய நாளே வந்து, ‘இது என்னுடையது அல்ல, குளிர்கிடங்கு ஜானுடையதாக இருக்கும்’ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான்தான் அந்தச் சீட்டைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து பெயரை நம்புவதில்லை, பணியாளர் எண்ணைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

ஊர்க்காரர்களுக்கு எண் தேவையில்லை. அடைமொழி வைத்திருக்கிறார்கள். செம்பட்டைத் தலைக்கு ‘ரூவா’, வெளுத்த தலைக்கு ‘போன்’. பெரியவர், சின்னவர், தாத்தாவின் தொழில், வீடிருக்கும் மேடு, இவை எல்லாம் அடைமொழி ஆகும். டிப்பரரி மாவட்டத்தில் ரயன் என்ற பெயர் அடர்ந்து கிடப்பதால் ஒவ்வொரு கிளைக்கும் இப்படி ஒன்று பரம்பரையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் தெருவில் ஐந்து சுப்பையாக்கள் இருந்தபோது நாங்கள் செய்ததும் இதைத்தான்.

இவர்கள் எல்லாரும் கடைசியில் ஒரே குடும்பமா என்று கேட்டால், ஆம், 12-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின் கிழக்குப் பகுதியான லென்ஸ்டரை ஆண்ட டியர்மட் மக் முரகா என்ற அரசனின் வழி என்றே நினைக்கிறேன்.

ஏப்ரல் 7

‘ஓ பிரையன், ஓ கானர் என்றெல்லாம் பார்க்கிறோம், ஓ மர்பி என்று ஏன் பார்ப்பதில்லை?’ இது இந்த இழையிலேயே நல்ல கேள்வி.

ஆங்கிலேயர் பிடி இறுகிய பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ‘ஓ’வும் ‘மக்’கும் பெருவாரியாக உதிர்ந்தன. முன்னொட்டோடு இருப்பவன் ஐரிஷ்காரன், கத்தோலிக்கன் என்று பெயரே காட்டிக்கொடுத்துவிடும். இதற்கும் முன்பே, 1465-ல், டப்ளினைச் சுற்றிய நான்கு மாவட்டங்களில் இருந்த ஐரிஷ்காரர்கள் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டார்கள். ஊர்ப்பெயர், நிறம், தொழில், பதவி என்று எதையாவது எடுத்துக்கொள்ளலாமாம். ஒரு மனிதனைப் பார்த்து ‘உன் முப்பாட்டனை விட்டுவிடு, கறுப்பு அல்லது பழுப்பு என்று வைத்துக்கொள்’ என்று சொல்ல எப்படி மனம் வந்ததோ. படிக்கும்போதே கொதிக்கிறது.

பிறகு 1893-ல் கேலிக் லீக் என்ற மொழி இயக்கம் பிறந்தது. அந்த அலையில் சல்லிவன்கள் பலர் மறுபடியும் ஓ சல்லிவன் ஆனார்கள். மர்பிகள் திரும்பவில்லை. காரணம் என்று நான் நினைப்பது இது: சல்லிவனுக்கு முன்னால் ‘ஓ’ வைத்தால் பழைய பெயர் ஏறக்குறைய திரும்பிவிடுகிறது. மர்பிக்கு முன்னால் வைத்தாலும் முரகூ திரும்புவதில்லை. திரும்ப விரும்பியவர்கள் நேராக ஐரிஷ் வடிவத்துக்கே போய்விட்டார்கள்.

ஆனால் பிரான்சில் ஓர் ஓ மர்பி இருந்தார். பதினைந்தாம் லூயி மன்னனின் காதலியாக இருந்த மரி லூயிஸ் ஓ மர்பி, 1737-ல் ரூவான் நகரில் ஐரிஷ் வழிவந்த குடும்பத்தில் பிறந்தவர். சொந்த நாட்டில் உதிர்ந்த ஓர் எழுத்து அயலூரில் பத்திரமாக இருந்திருக்கிறது.

ஏப்ரல் 8

மர்பி விதியைக் கேட்டவருக்கு. தவறாகப் போகக்கூடியது தவறாகவே போகும் என்ற அந்த வாசகம் 1949-ல் அமெரிக்காவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் பிறந்தது. எட்வர்ட் மர்பி என்ற பொறியாளர் தந்த விசையை அளக்கும் உணரிகள் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தன. உருளைக்கிழங்குக்கும் ஆங்கிலப் பேச்சில் ‘மர்பி’ என்று பெயர் உண்டு. உருளையை மட்டுமே நம்பிக் கிடந்த ஒரு மக்களுக்கு 1845-க்குப் பிறகு வந்த பஞ்சத்தில் என்ன நடந்தது என்று தெரிந்தவர்களுக்கு அந்தச் சொல் இனிக்காது. என் பட்டியலில் உள்ளவர்கள் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஜூன் 4

மார்ச் 24 குறிப்பின் கடைசிப் பத்தியைத் திரும்பப் பெறுகிறேன். தவறு. அழிக்காமல் விட்டுவைக்கிறேன், கீழே உள்ளதையும் சேர்த்துப் படியுங்கள்.

மூன்று நாள் விடுமுறையில் வெக்ஸ்ஃபோர்ட் மாவட்டத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். முதலில் ஃபெர்ன்ஸ். சின்ன ஊர். டியர்மட் மக் முரகா அங்கிருந்துதான் ஆண்டான். 1166-ல் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டு, இழந்த அரசை மீட்க இங்கிலாந்து அரசின்கீழ் இருந்த நார்மன் வீரர்களை அழைத்து வந்தவன் அவன். 1169-ல் அவர்கள் பானோ விரிகுடாவில் இறங்கினார்கள். அடுத்த ஆண்டு அவர்களின் தலைவன் ஸ்ட்ராங்போவுக்குத் தன் மகள் ஈஃபாவை மணம் முடித்துக் கொடுத்தான். 1171-ல் இறந்தான். ‘அந்நியர்களின் டியர்மட்’ என்ற பெயர் அவனோடு நின்றுவிட்டது. அவனைப் புதைத்த இடம் என்று ஊரார் சொல்லுமிடத்தில், தேவாலய முற்றத்தில், உடைந்த சிலுவைக் கல்லின் தண்டு மட்டும் நிற்கிறது.

அங்கே பேச்சுக் கொடுத்த முதியவர் ஒருவரிடம், ‘மர்பிகள் எல்லாரும் இவர் வழிதானே?’ என்றேன். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அவரும் மர்பி. ‘அவன் பிள்ளைகள் வழி வந்தவர்கள் கவனாவும் கின்செல்லாவும். நாங்கள் வேறு முரகாவின் ஆட்கள்’ என்றார். வீடு திரும்பிச் சரிபார்த்தேன், அவர் சொன்னதே சரி. டியர்மட்டின் மகன்கள் இருவருடைய அடைமொழிகள்தான் அந்த இரண்டு குடும்பப் பெயர்களாக நிலைத்தன. வெக்ஸ்ஃபோர்டின் ஓ முரகாக்கள் அதே பெரிய குலக்கூட்டத்துக்குள் தனிக் கிளை. கடலோரத்து பாலகீன் வட்டாரம் அவர்களுடையது. ஒரு காலத்தில் அந்த வட்டாரத்தையே ‘மரோஸ்’ என்று அவர்கள் பெயரால் அழைத்தார்கள். வடக்கே டிரோன், ஆர்மா பகுதிகளில் மர்பி என்பவர்கள் ‘ஓ’ கூட அல்ல, ‘மக்’ வழியினர். முரகா என்பது அன்றைக்குப் பலர் வைத்துக்கொண்ட பெயர். 1014-ல் கிளான்டார்ஃப் போரில் பிரையன் போரு மன்னனோடு மடிந்த மூத்த மகன் பெயரும் முரகாதான். பல முரகாக்கள், ஆகவே பல மர்பிக் குடும்பங்கள். என் 11 பேருக்குள் உறவு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

பொருளைப் பற்றியும் ஒரு திருத்தம். கடல்மறவன் என்று நான் எழுதியதைப் படித்து ஒருவர், மர்பிகள் கடற்படை வீரர்களின் வம்சம் என்று எழுதியிருந்தார். அப்படி அல்ல. அந்தப் பொருள் முதல் முரகாவுக்கு அவன் பெற்றோர் வைத்த பெயரின் பொருள், அவ்வளவுதான். வேலாயுதம் என்று பெயர் வைத்த பிள்ளை வேல் பிடித்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

அடுத்த நாள் பூலவோக். ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான 1798 கிளர்ச்சியில் அந்த ஊர்ப் பாதிரியார் ஜான் மர்பியின் சிற்றாலயத்தை மே மாத இறுதியில் படையினர் எரித்தார்கள். முதலில் மக்களை ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னவர் அவர். பிறகு அவரே அவர்களுக்குத் தலைமை தாங்கினார். ஜூலை 2 அன்று டல்லோ என்ற ஊரில் கொல்லப்பட்டார். இன்னொரு பாதிரியார் மைக்கேல் மர்பி ஜூன் 9 அன்று ஆர்க்லோ சண்டையில் விழுந்தார். அந்த மாவட்டத்தில் மர்பி என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருகிறவர்கள் இவர்கள். அழைத்து வந்த அரசனின் ஊரும் எதிர்த்து நின்ற பாதிரியாரின் ஊரும் காரில் சில நிமிடத் தொலைவில் இருக்கின்றன. வழியெல்லாம் நானும் மனைவியும் பேசிக்கொள்ளவே இல்லை.

ஜூன் 16

மழை. வெளியே வேறு எங்கும் போக முடியாமல் பல்கலைக்கழகக் கல்வெட்டுக் கூடத்துக்குப் போனோம். கார்க் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்தில் ஒரு நீண்ட தாழ்வாரம் முழுவதும் ஓகம் கற்கள். கல்லின் விளிம்பில் கோடு கோடாகக் கீறிய எழுத்து. ஏறத்தாழ நான்கு முதல் ஆறாம் நூற்றாண்டு வரையிலானவை. பெரும்பாலும் பெயர்கள் மட்டும்தான்: இன்னார், இன்னாருடைய மகன். மகனுக்கு ‘மக்கி’. பேரனுக்கு, வழித்தோன்றலுக்கு ‘அவி’. அந்த ‘அவி’ தேய்ந்து தேய்ந்து ‘ஊவ’ ஆகி, கடைசியில் ஓர் எழுத்தாக நிற்பதுதான் ‘ஓ’.

அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. தமிழில் பேரன் என்பது பெயரன். பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் என்பதால் பெயரன். பேத்தி, பெயர்த்தி. இவர்கள் பேரன் என்ற சொல்லைப் பெயருக்கு முன்னால் வைத்தார்கள். நாம் பெயர் என்ற சொல்லிலிருந்தே பேரனைச் செய்தோம். ரத்த உறவும் வேண்டாம், மூர்த்தியும் வேண்டாம். மார்ச் மாதம் நீங்கள் தேடிய ஒற்றுமை இது என்று நினைக்கிறேன்.

என் கதையைச் சொல்கிறேன். எனக்கு வைத்த பெயர் தாத்தாவின் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்றதால் அப்பாவின் பெயரை எழுதினேன். இங்கே வந்த நாள் முதல் எல்லாரும் என்னை அப்பா பெயரால்தான் அழைக்கிறார்கள். முதல் ஆண்டு அது எனக்கு ஆத்திரமாக இருந்தது, அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கவே நேரம் ஆகும். பிறகு மகள் இங்கே பிறந்தாள். ஊரில் என்றால் என் பெயரின் முதலெழுத்து அவளுக்கு இனிஷியல். இங்கே பிறப்புச் சான்றிதழில் குடும்பப் பெயராக இறங்கியது என் அப்பாவின் பெயர். அவளும் தாத்தாவின் பெயரைத் தாங்கிக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள். ஐரிஷ் முறைப்படி அவள் பெயருக்கு முன்னால் தாராளமாக ஓர் ‘ஓ’ போடலாம்.

ஜூன் 17

மகள் படித்துவிட்டுத் திருத்தியிருக்கிறாள். மார்ச் 18 அன்று நானே எழுதியதை மறந்துவிட்டேன்: பெண்ணுக்கு ‘ஓ’ வராது. ‘நீ’யும் வராது என்கிறாள், ஏனென்றால் எங்கள் கணக்கு இன்னும் ‘ஓ’ வரை போகவில்லை, ‘மக்’கில் நிற்கிறது. நான் என் அப்பாவின் ‘மக்’. மக் வழியில் பிறந்த பெண்ணுக்கு ‘நிக்’. அதைப் பிரித்தால் ‘மகனின் மகள்’.

ஜூன் 23

ஞாயிறு மாலை ஊருக்கு வீடியோவில் பேசும்போது மகள் தன் நோட்டுப் புத்தகத்தைக் கேமரா முன் பிடித்தாள். ‘நிக்’ என்று எழுதி, அதன் பக்கத்தில் என் அப்பாவின் பெயரைத் தமிழில் எழுதியிருந்தாள். அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். ‘முன்னால் என்ன இரண்டு எழுத்து?’ என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் அம்மாவைக் கூப்பிட்டு அதை இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.